வெள்ளிக்கிழமை மூணு மணி

தளவாய்க்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம், வயக்காட்டுக் குடும்பம். ஆனால் பதினோரு வருஷமாகக் காயல்பட்டினத்தின் இன்டர்நெட் அவன் கையில்தான். முதலாளி ஜக்கரிய்யா காக்காவின் பிராட்பேண்ட் கடை லினக்ஸ் சர்வரில், டிசி என்ற ரெண்டெழுத்துக் கமாண்டை வைத்து, எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம், எது முந்தி, எது பிந்தி என்று விதி எழுதுவான். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குச் சவூதியில் ஜும்ஆ முடிந்துவிடும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டைக் கூப்பிட, ஊரிலுள்ள அத்தனை போனும் ஒன்றாய் அலறும். சினிமா டவுன்லோடு பண்ணுகிறவனைப் பின்னே தள்ளி, வீடியோ காலுக்கு வழி விடுவது அவன் எழுதிய விதிதான். ஒருத்தராவது நல்லா இருக்கு என்று சொன்னதுண்டா? ம்ஹூம்.

இந்த லட்சணத்தில் துபாயிலிருந்து திரும்பிய தமீம் வேலைக்குச் சேர்ந்தான். மூணே மாசம். அதே விதிகளைக் கலர் கலராகப் படம் போட்டு, கடை டிவியில் ஓடவிட்டான். காக்கா வாயைப் பிளந்துவிட்டார். "ஏலே தளவாய், இனி சர்வர் பாஸ்வேர்டு தமீம்ட்ட இருக்கட்டும். அடுத்த வாரம் குடுத்துரு."

வயிறு எரியாதா? பதினோரு வருஷம் சோறாக்கினவன் இவன், பரிமாற வந்தவனுக்குப் பேரா!

வியாழக்கிழமை ஒரு காரியம் பண்ணினான் கிறுக்கன். தமீம் வீட்டு இணைப்புக்கு ஒரே ஒரு வரி விதி எழுதி, வேகத்தை நூலளவுக்குக் குறைத்தான். சொந்த வீட்டு நெட்டையே சரி பண்ணத் தெரியாதவன் என்று காக்கா முன்னால் முழிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மூணேகாலுக்குப் போன் வந்தது. தமீம் இல்லை; அவன் உம்மா நூர்ஜஹான். "தளவாய் தம்பி, பெரியவன் சவூதியிலேருந்து கூப்பிடுதான், மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது. என்னன்னு பாரு."

அடப்பாவி! கல்யாணமான காயல் மாப்பிள்ளை பெண்டாட்டி வீட்டில் அல்லவா இருப்பான்! வீடு வீடாய் ஏறி இறங்கினவனுக்கு இது தெரியாதா? தெரியும். உம்மா வீட்டில் தமீம் பெயரில் கிடந்த பழைய இணைப்பைப் பார்த்ததுமே பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

"தமீம்ட்ட சொல்லலையா லாத்தா?"

"அவன் பாக்குதேன்னுதான் சொன்னான். நாந்தான் அவன்ட்ட, 'நீ சும்மா இரு, இத்தனை வருஷமா எம் புள்ள மொகத்த எனக்குக் காட்டுதது தளவாய்தான், அவன் கைபட்டாத்தான் சரியாவும்'னுட்டேன்."

காக்கா வாயிலிருந்து வராதா என்று பதினோரு வருஷம் ஏங்கிய சொல். வந்த நேரத்தைப் பாருங்கள்.

அந்த வரியை அழித்தான். அந்தப் பக்கம் நூர்ஜஹான், "தெரியுது, தெரியுது! நீ நல்லா இருப்பே" என்று அழுதாள். கேட்க முடியாமல் போனை வைத்தான்.

அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதித் தமீம் மேசையில் வைத்தான். எரிச்சல் தீர்ந்துவிடவில்லை; தீராதவன் கையில் அது இருக்கக் கூடாது என்றுதான் வைத்தான்.