ஆறு பட்டை மூன்றான நாள்

1940 மார்ச் 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து குளித்தேன்; கேழ்வரகுக் கூழ் குடித்தேன்; ஏழு மணிக்குப் பூந்தமல்லியில் என் போட்டோக் கடையைத் திறந்தேன். டைரியில் அதுவரை வழக்கமான நாள்தான். எட்டு மணிக்குப் பாரிவாக்கத்திலிருந்து தங்கையும் மச்சானும் வந்தார்கள்.

பட்டாளத்தில் லாரி ஓட்ட மச்சானை எடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் புறப்பாடு. தங்கைக்கு அவர் முகம் படமாக வேண்டும். நான் ஏற்கெனவே இரண்டு முறை எடுத்திருந்தேன். இரண்டிலும் காது தெளிவாக விழுந்தது, கண் மங்கலாகிவிட்டது.

என் காமிராவின் கண்ணாடித் துளையில் முகம் இரண்டாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரி. கறுத்த நெற்றியில் வெள்ளைக் குறி பளிச்சென்று தெரியும் என்பதால் நான் எப்போதும் அதையே பார்த்துச் சேர்ப்பேன்.

மேசையில் இருந்த படங்களை மச்சான் புரட்டினார். "இன்னா மச்சான், நாமக்காரனுங்க எல்லாம் ஜோரா கீறானுங்கோ. என்னிய மாரி பட்டை போட்டவன் எல்லாம் பொகை புடிச்சுக் கீறான். ஒம் பொட்டி இன்னா, பெருமாள் கட்சியா?"

தங்கை சிரித்தாள். "அப்போ இன்னிக்கு ஒரு நாள் நாமம் போட்டுக்கியேன்."

"பட்டாளத்துக்குப் போற நேரத்துல எனக்கு நாமம் போடப் பாக்கிறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உடனே துளை வழியாகக் கதவைப் பார்த்தேன். நிற்கும் சட்டம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. படுத்திருக்கும் வாசற்படி, சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் ஒன்றாகவே தெரிந்தது. உருவம் பக்கவாட்டில்தான் விலகுகிறது. குறுக்குக் கோடு தன்மேலேயே வழுக்கிப் போகிறது. விலகல் கண்ணில் படுவதில்லை. நாமம் காட்டிக்கொடுத்ததை விபூதிப் பட்டை மறைத்துவிட்டது. என்னுடையது சதுரப் படம் எடுக்கும் காமிரா. அதைத் திருப்பிப் பிடிக்க ஆறு வருஷமாக எனக்குத் தேவையே வரவில்லை.

மச்சானை வாசலில் உட்காரவைத்து, காமிராவை நட்டுக்குத்தலாகத் திருப்பினேன். அவர் நெற்றியில் ஆறு பட்டைகள்! சக்கரத்தை மெல்ல நகர்த்தினேன். ஆறு நான்காகி, நான்கு மூன்றாயிற்று. மூச்சை அடக்கி விசையை அழுத்தினேன்.

"முடிஞ்சுதா? இப்போ நான் எந்தக் கட்சி?" என்றார்.

அன்று மாலையே பிலிமைக் கழுவிக் காயவைத்தேன். மறுநாள் பல் துலக்குவதற்கும் முன்னால், முதல் வேலையாகப் பிலிமையும் காகிதத்தையும் சேர்த்து அடைத்த அச்சுச் சட்டத்தை இளவெயிலில் வைத்தேன். படம் கையில் கிடைத்ததும் சைக்கிளில் பாரிவாக்கம் போனேன். மாட்டுவண்டி பூட்டித் தயாராக நின்றது. தங்கை படத்தை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாத்தே, இமை மயிரைக்கூட எண்ணலாம் போலக் கீதே!"

"எண்ணிக்கினு இரு, முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்று மச்சான் வண்டியில் ஏறினார்.