அவர் தண்ணீரை நிறுத்தவில்லை

பிள்ளைகளே, ஆழமான கிணற்றின் அடியில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் தெரியும். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே, இனி என் மகனையும் மகளையும் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கிணறு ஆழப்படுத்துவது என் வேலை. நாமகிரிப்பேட்டை பக்கம் மரவள்ளிக் காட்டில் ஒரு பழைய கிணறு. அதன் அடிப் பாறையைக் குடைந்து, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குழி எடுத்திருந்தோம். குழியைச் சுற்றி, பழைய கிணற்றின் தரை அகலமான திட்டாக நின்றது. அதில் ஏறிவிட்டால் பயமில்லை. ஆனால் ஏறுவதற்குப் படி கிடையாது. குழியின் சுவர் வழுவழுவென்று இருக்கும். வெடி வைக்கும்போது அடிபடும் என்று இரும்பு ஏணியையும் அன்று காலையில்தான் மேலே அனுப்பியிருந்தோம். கிரேன் தொட்டி ஒன்றுதான் வழி.

என்னோடு குழியில் இருந்தவன் முருகேசன். வெண்ணந்தூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், எங்களோடு வேலைக்கு வந்து சேர்ந்தான். நீச்சல் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. மத்தியானம் நான் ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால், "ஏனுங்ணா, சோத்துக்குக்கூடச் சாமிகிட்ட பர்மிசன் வாங்கோணுமா? ஆறிப்போயிருமுங்க!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அதனால் உதடு மட்டும் அசைய ஜெபிக்கப் பழகியிருந்தேன்.

அன்று வெடிக்காகப் பாறையில் துளை போட்டு, துளைக் கம்பியை உருவினேன். கூடவே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊற்றுக்கண் திறந்துவிட்டது! மேலே காட்டின் சொந்தக்காரர் சந்தோஷத்தில் கத்தினார். கீழே முருகேசன் ஆடினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் தொட்டியை இறக்கச் சொன்னோம். பாதி வழியில் தொட்டி நின்றது.

கிரேன் ஓட்டும் செல்வம் மேலிருந்து கத்தினான். "அண்ணா, ரோப்பு கப்பியில சிக்கிக்கிச்சு! கொஞ்சம் பொறுங்க!"

தண்ணீர் பொறுக்கவில்லை. இடுப்புக்கு வந்தது. மேலே மாட்டுக் கயிறுகளை முடிந்து இறக்கினார்கள். எட்டவில்லை. முருகேசன் பாறையைப் பிறாண்டி ஏறப் பார்த்தான். வழுக்கி என்மேல் விழுந்தான். பயத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் முங்கி எழுந்தோம்.

நாங்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்த கேன் பக்கத்தில் மிதந்தது. நீங்கள் நீச்சல் பழக முதுகில் கட்டிக்கொள்வீர்களே, அந்த மாதிரிக் கேன். அதைக் காலி செய்து, மூடியை இறுக்கி, அவன் நெஞ்சோடு சேர்த்துக் கொடுத்தேன்.

"முருகேசு, கட்டிப் புடிச்சுக்க. உட்டுறாத."

அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய்விட்டு ஜெபித்தேன். "இயேசப்பா, இந்தத் தண்ணிய நிறுத்துங்க. எங்களுக்குப் புள்ள குட்டி இருக்குது. நிறுத்துங்கப்பா."

நிற்கவில்லை. நெஞ்சுக்கு வந்தது. பிறகு கால் தரையை விட்டது. நான் நீந்திக்கொண்டே அவனையும் தாங்கினேன். கை கடுத்தது. என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்தேன். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்ணா நிறுத்திட்டீங்க?" என்றான் முருகேசன்.

"தண்ணி நிக்கலியே முருகேசு."

"அது நிக்காட்டிப் போவுது. நீங்க நிறுத்தாதீங்ணா! உங்க சத்தம் கேக்கற வரைக்குந்தான் என்ற கை கேன உடாம இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்கள உட்டுறாதீங்கப்பா" என்பது ஒன்றுதான். நான் சொல்லச் சொல்ல அவன், "ஆமாங்க சாமி, ஆமாங்க சாமி" என்றான்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தோள் எதிலோ இடித்தது. திரும்பினேன். திட்டு! எட்டாத உயரத்தில் இருந்த அந்தத் திட்டு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேனோ, அதே தண்ணீர் எங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. முருகேசனைத் தள்ளி ஏற்றினேன். அவன் கை கொடுத்து என்னை இழுத்தான். குழி நிரம்பிய தண்ணீர் திட்டில் அகலமாகப் பரவி, எங்கள் கணுக்காலைத்தான் தொட்டது. அதற்குள் ரோப்பைச் சரி செய்து தொட்டியை இறக்கிவிட்டார்கள்.

இப்போது மத்தியானச் சோற்றுக்கு நான் வாய்விட்டே ஜெபிக்கிறேன். முருகேசனின் கிண்டல் நிற்கவில்லை. "சீக்கிரம் முடிங்ணா, ரசம் ஆறுது" என்பான். ஆனால் நான் முடிக்கிற வரைக்கும் சோற்றில் கை வைக்க மாட்டான்.

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்கு ஆபரேஷன். அன்று விடிந்ததும் போன் செய்தான். "அண்ணா, வாரீங்களா? அவ ரொம்பப் பயந்துக்கறா. பக்கத்துல நின்னு சத்தமாச் சொல்லோணும். உதட்ட மட்டும் அசைச்சீங்க, அப்புறம் கேனெடுத்துத்தான் அடிப்பேன்!"

போனேன். சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டார். முருகேசனின் மனைவி இன்று நலமாக வீட்டில் இருக்கிறார். என்னைத் தூக்கி எடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த வாய் ஒன்றுதான் இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்கும் பயமான நாள் வரும். அன்று அவரைக் கூப்பிடுங்கள். கேட்டபடி நடக்கவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் மிதந்துகொண்டிருப்பார்.