சாட்சிக் கையெழுத்து

நிலம் வாங்குவதில் என்னை ஏமாற்றத் திண்டுக்கல்லில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். என் அத்தா தோல் மண்டி வைத்திருந்தவர். தோலைப் புரட்டி உள்பக்கம் பார்க்காமல் விலை பேச மாட்டார். நான் நிலம் வாங்கி விற்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் எனக்கு மேல்பக்கம். உள்பக்கம் என்பது அந்த வீட்டுப் பெண்கள். "செத்துப்போனவருக்குப் பொம்பளப் பிள்ளைக உண்டா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

காந்திகிராமத்தைத் தாண்டி, தார்ச்சாலையை ஒட்டிக் கிணற்றோடு ஒரு நிலம் விலைக்கு வந்தது. பார்த்த அன்றே அதன் மேல் ஆசை விழுந்துவிட்டது. அப்பா வழிச் சொத்து, பட்டா அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்தது. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஒரு தங்கச்சி இருக்கு. சின்னாளபட்டில கட்டிக் குடுத்திருக்கோம்," என்றார் அண்ணன். "சீர் செனத்தி எல்லாம் குறையில்லாம செஞ்சாச்சு. அதுக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா சாட்சியா ஒரு கையெழுத்துப் போடச் சொல்றேன்."

பத்திரம் எழுதுபவரும் தலையாட்டினார். இங்கே பலர் செய்வது அதுதான். பங்குள்ள பெண்ணிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அவள் வாயை அடைத்தாயிற்று என்று நினைப்பார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்பதற்குத்தான் அது ஆகும். என் பங்கையும் விற்றேன் என்று ஆகவே ஆகாது. வீடு கட்டிக் குடியேறிய பிறகு வழக்கு வரும்.

"அந்தப் பொண்ணும் விக்கிறவங்கள்ல ஒருத்தியா வரணும். அவ பங்குப் பணம் அவ பேருக்குப் போகணும்," என்றேன்.

"வேலில போற ஓணான எடுத்து ஏங்க்கா மடில விட்டுக்கிறீங்க?" என்றார் பத்திரக்காரர்.

நான் நேரே சின்னாளபட்டிக்கு ஸ்கூட்டரை விட்டேன். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சாட்சிக்கு வரச் சொல்லிருக்காகக்கா. வாரேன்னுட்டேன்."

"சாட்சியில்ல. அந்த நெலத்துல ஒனக்கும் பங்கிருக்கு."

அவள் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பங்குன்னு வாயத் தொறந்தா, அப்புறம் பெறந்த வீட்டு வாசல மிதிக்க முடியாதுக்கா."

"நான் சண்டை போடச் சொல்லல. விக்க இஷ்டம்னா கையெழுத்துப் போடு. இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லு. எதுன்னாலும் ஒன் வாயால சொல்லு."

இரண்டாவதைச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் அதைச் சொல்வாள் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை.

விற்பவர்களில் அவள் பெயரும் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால், பதிவு நாளன்று அண்ணன்மார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவளைக் காரில் கூட்டி வந்தார்கள். சார்பதிவாளர் ஒவ்வொருவரிடமும் விற்கச் சம்மதமா என்று கேட்டார். அண்ணன் சம்மதம் என்றார், தம்பி சம்மதம் என்றார். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எனக்கு விக்க இஷ்டமில்லைங்க, சார். என் பங்கு நெலமாவே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதுவும் நானே போய்ச் சொல்லிக்கொடுத்து! அண்ணன் என்னைப் பார்த்து, "நெலம் வாங்க வந்தீகளா, குடும்பத்தப் பிரிக்க வந்தீகளா?" என்று கத்திவிட்டு வெளியேறினார். தம்பியும் பின்னாலேயே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது கார் இல்லை. அவள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றாள்.

"விட்டுட்டுப் போய்ட்டாகக்கா. பஸ்ஸுக்குக் காசு எடுத்துட்டு வரல. அண்ணன்கூடத்தான வாரோம்னு..."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏறு," என்றேன்.

சின்னாளபட்டி நெருங்கியதும் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள். "செத்த நேரம் நெலத்துக்குப் போய்ட்டு வருவமாக்கா?"

போனோம். அவள் இறங்கி வரப்பில் நடந்து கிணற்றடிக்குப் போனாள். விலை பேசிய நாளிலிருந்து அந்த நிலத்துக்குள் நான் எத்தனையோ தடவை சொந்தக்காரி போல நடந்திருக்கிறேன். இப்போது வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, அவள் திரும்பிப் பார்த்து உள்ளே வரச் சொல்லும் வரை, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.