சாமைக்கு ரசீது

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆடிட்டர் வந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து, கல்வராயன் மலை வளைவுகளில் தலைசுற்றி இறங்கியவர், ஒரு சோடா குடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மறியல் நடந்த நாள்ல பிள்ளைங்க இன்னா சாப்பிட்டாங்க?"

நியாயமான கேள்விதான். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் டிரஸ்ட் பள்ளிக்கூடம் இது. கணக்கு எழுதுவது நான். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கீழே ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்களே... அப்போது அரிசி லாரி மேலே வரவில்லை. அரிசி இல்லையென்றால் பில் இல்லை. பில் இல்லையென்றால் சாப்பாட்டுச் செலவும் இல்லை.

"அப்ப ஹாஸ்டல்ல பிள்ளைங்களே இல்லன்னு ஆயிடுங்க. பணம் குடுக்கிறவங்க அடுத்த வருஷம் நிறுத்திடுவாங்க" என்றார் ஆடிட்டர்.

பிள்ளைகள் இருந்தார்கள். சாப்பிட்டார்கள். சுற்று வட்டார மலைக்காரர்கள் வீட்டுக்கு வீடு சாமை கொண்டுவந்து கொட்டினார்கள்.

அதற்கும் வழி இருக்கிறதாம். சாமைக்குச் சந்தை விலை போட்டு, நன்கொடை என்று வரவில் ஒரு தரம், சாப்பாடு என்று செலவில் ஒரு தரம் எழுத வேண்டும். மீதி? சைபர்! ஆனால் கொடுத்தவர்கள் 'ஆமாம், கொடுத்தோம்' என்று கைநாட்டு வைக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் சாமை கொடுத்தவர்களைக் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் வந்தார்கள். மேஜைமேல் இருந்த மைப் பேடைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள்.

குப்பாயிதான் வாயைத் திறந்தாள். அவள் மகள் எங்களிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"எங்க மாமனாரு இப்பிடித்தான் கட்டவெரல் வெச்சாரு. கீழேருந்து வந்தவன் பலாத்தோப்ப எழுதிக்கினு பூட்டான். சாமையும் குடுத்துட்டு வெரலையும் குடுக்கணுமா?"

"இது சும்மா ஒரு அத்தாட்சிம்மா" என்றார் ஆடிட்டர்.

"அவனும் அதத்தான் சொன்னான்."

தலைமை ஆசிரியர் சட்டென்று ஒரு ரசீது எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். குப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா இது, புழு ஓடினாப்ல? நாளைக்கு என்னுதில்லன்னு சொன்னா? நீயும் வெரல வெய்யி வாத்தியாரே. அப்பால நாங்க வெக்கிறோம்."

எம்.ஏ., பி.எட். படித்த மனுஷன் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் கூரையைப் பார்த்தார். நான் பேடைத் தலைமை ஆசிரியர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

வைத்தார். ஒவ்வொரு வீட்டு ரசீதிலும் வைத்தார். அவர்களும் அதை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எங்கள் காகிதத்தில் விரலை வைத்தார்கள்.

"மை போவலன்னா புளி போட்டுத் தேயி" என்று இலவசமாக ஒரு யோசனை வேறு சொல்லிவிட்டுப் போனாள் குப்பாயி.

கணக்கு தேறிவிட்டது. அடுத்த வருஷமும் அரிசி வரும். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆடிட்டர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "இந்த ரசீதைப் பாக்கிறவங்க, தலைமை ஆசிரியரே எழுதப் படிக்கத் தெரியாதவர்னு நெனைக்கமாட்டாங்களா?"

நினைத்தால் நினைக்கட்டும்... பேங்கில் ஆயிரக்கணக்கில் பணம் எடுத்துத் தருகிற அவர் கையெழுத்து, மலையில் ஒரு படி சாமைக்குச் செல்லவில்லையே!