கமா அக்கா சேர்த்த ஒரு வரி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கமா அக்கா என்றால்தான் தெரியும். அவரைவிடப் பத்து வயது மூத்த டாக்டர்களும் அக்கா என்றுதான் அழைப்பார்கள். கணக்குப் பிரிவில் மூன்றாவது மேஜை அவருடையது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நான் அடுத்த மேஜை. ஆய்வு அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, அட்டவணை கட்டி, அச்சுக்கு அனுப்புவது என் வேலை.

அவர் வந்தது படிவங்களில் உள்ளதைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு. கொஞ்ச நாளில், இனிமேல் புள்ளிவிவரக் கணக்கெல்லாம் ஆர் என்ற கணினி மொழியில்தான் போட வேண்டும் என்று நிலையம் முடிவெடுத்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஏற்றுகிறவர்களுக்கு அழைப்பு இல்லை. ஒருநாள் ஒரு டாக்டர் வந்து, உங்களுக்கு ஆர் தெரியுமா என்று கேட்க, இவர் நிமிர்ந்து, "ஆரைத் தேடறீங்க டாக்டர்?" என்றார். அறையே சிரித்தது. அன்றைக்கு அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஒரு வருடத்தில் அந்த மொழியை அவரளவு அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மற்றவர்கள் பாடப் புத்தகத்தில் படித்தார்கள். இவர் பிழைச் செய்திகளைப் படித்துப் படித்தே கற்றார். திரையில் சிவப்பு எழுத்து வந்தால் ஆராய்ச்சியாளர்கள் பதறிப்போய் இவரிடம் ஓடி வருவார்கள். இவர் விரலை வரிவரியாக ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே ஒரு கமா போடுங்கள் என்பார். பத்தில் ஏழு முறை கமாதான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஒருவர் ஒரு மணி நேரமாகத் திரையைப் பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்திருந்தார். பெரிய கணக்கு, இன்னும் முடியவில்லை என்று பெருமையாகச் சொன்னார். திரையில் ஒரு கூட்டல் குறி மட்டும் நின்றது. "அது கணக்குப் போடல சார். நீங்க அடைப்புக்குறிய மூடுவீங்கன்னு காத்துட்டு இருக்கு" என்றார் அக்கா. இன்னொருவருக்குக் கோப்பு கிடைக்கவில்லை. கணினியில் இருக்கிறது, ஆனால் இந்த மொழி அதைக் காணோம் என்கிறது. வீட்டில் விட்ட செருப்பை ஆபீசில் தேடினால் கிடைக்குமா என்று கேட்டு, எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஒரு குழந்தையின் எடை விடுபட்டிருந்ததால் நானூறு குழந்தைகளின் சராசரியைத் தர மறுத்த கணக்கையும், பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்து அடித்ததால் தலைகீழாகிப்போன கணக்கையும் அவர்தான் சரிசெய்தார்.

கட்டுரைகளில் அவர் பெயர் வராது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அலுவலக உதவியாளர்கள் என்ற இரண்டு சொல்லுக்குள் அவர் அடக்கம். தட்டச்சு செய்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும்வரை தன் முகம் ஒருத்தருக்கும் தெரியாது, நின்றால்தான் தேடுவார்கள், உனக்கும் அதே பிழைப்புதான் என்று அவர் சொல்வாராம். இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலை ஒன்று நகரின் ஓரத்தில் இருந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை மந்தமாகும். அதன் மதிலை ஒட்டிய தெருவில் உள்ள பிள்ளைகளின் ரத்தத்திலும், தூரத்துத் தெருக்களில் உள்ள பிள்ளைகளின் ரத்தத்திலும் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று ஒப்பிடும் ஆய்வை நிலையம் எடுத்தது. அந்த மதில் தெருவில் நான்காவது வீடு அக்காவின் தங்கையுடையது. தங்கைக்கு அப்போது நாலு வயதில் ஒரு பெண். ரத்தம் எடுத்த அன்று அக்காதான் குழந்தையை மடியில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டார். குழாயின் மேல் ஒட்டிய எண் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள். நண்பகலுக்குள் போயாக வேண்டும். பதினோரு மணிக்குத் திட்டத்தை நடத்திய டாக்டர் மடிக்கணினியோடு வந்து நின்றார். திரை முழுக்கச் சிவப்பு. அக்கா பார்த்துவிட்டு, ஈய அளவுகள் மேலிருந்து கீழாக நிற்கும் நிரலில் எண் மட்டும் இல்லை, ஆய்வுக்கூடத்தார் சில இடங்களில் ஐந்துக்குக் குறைவு என்று குறி போட்டிருக்கிறார்கள், அதனால் இந்த மொழி மொத்த நிரலையும் எழுத்தாக எடுத்துக்கொண்டுவிட்டது என்றார். ஒவ்வொன்றாகப் பார்க்க அரை நாள் வேண்டும் என்றும் கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அக்கா. இப்ப ஓடினா போதும்" என்றார் டாக்டர்.

அட்டவணைக்காக நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா ஒரு நொடி தயங்கினார். பிறகு அந்த நிரலை எண்ணாக மாற்று என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். சிவப்பு மறைந்தது. கணக்கு ஓடியது. எதைத் திருத்தினாலும் மேலே குறிப்பு எழுதி வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் தேதி போட்டு, பிழை நீக்கப்பட்டது என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டார்.

இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று முடிவு வந்தது. கவலைப்படக் காரணமில்லை என்ற வாக்கியத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். தங்கை அப்போது வேறு இடத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். அக்காவிடம் கேட்டாள். "நானே கணக்கப் பாத்தேன்டி. பயப்படாத, இங்கயே இரு" என்று அக்கா சொன்னார். அவள் இருந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் சுற்று ஆய்வு தொடங்கியது. நிலையத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. அவற்றில் ஆர் மொழியின் புதுப் பதிப்பு. பழைய கோப்பு, அக்கா சேர்த்த வரியோடு பழைய கட்டளைத்தொடர், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் மதில் தெருப் பிள்ளைகளின் அளவு கிடுகிடுவென மேலே நின்றது. திட்ட டாக்டர் கோபமாக வந்தார். புதுப் பதிப்பு எல்லாவற்றையும் கெடுக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்றார்.

அக்கா மூன்று நாள் பார்த்தார். முதலில் கோப்பைச் சந்தேகப்பட்டார். பிள்ளைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. பழைய கணினியில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை என்று ஓட்டி, முதல் ஆறு பிள்ளைகளின் அளவை மட்டும் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதில் பன்னிரண்டு என்று இருந்த குழந்தைக்குப் பழையதில் நான்கு. அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

நிரலில் எழுத்து கலந்திருந்தால், பழைய பதிப்பு அதில் உள்ளவற்றை அகராதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைத்துக்கொள்ளும். எண்ணாக மாற்று என்று சொன்னால், உண்மையான அளவைத் தராது. அந்த வரிசை எண்ணை எடுத்து நீட்டும். குறைவு என்ற குறிக்கு முதலிடம், பத்துக்கு இரண்டாமிடம், பதினொன்றுக்கு மூன்றாமிடம், பன்னிரண்டுக்கு நான்காமிடம். அகராதி வரிசை முதல் இலக்கத்தைப் பார்த்தே அடுக்குவதால் ஒற்றை இலக்க ஏழு கடைசிப் பக்கம் போய்விடும்; அதற்குப் பதினெட்டு. இப்படித்தான் மதில் தெரு இறங்கியது, தூரத்துத் தெரு ஏறியது, இரண்டும் ஒன்றென்று ஆனது. புதுப் பதிப்பு அந்த வேலையை விட்டுவிட்டதால் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

அதையும் நம்பாமல் கிடங்கிலிருந்து ஆய்வுக்கூடத் தாள்களை எடுத்து வந்து நேரடியாக ஒப்பிட்டார். புதியது சொன்னதுதான் தாளிலும் இருந்தது. தங்கை மகளின் எண்ணைத் தேடினார். அறிக்கைக்குப் போன கணக்கில் எட்டு. தாளில் பதினாறு.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தப்பு கத்திச்சு. நான்தான் அதோட வாயப் பொத்தினேன்."

அன்றே இயக்குநரிடம் போனார். நானும் தாள்களைச் சுமந்துகொண்டு கூடப் போனேன். இயக்குநர் மென்மையான மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டுடுங்களேன்" என்றார்.

"அதுல போட்டா பழைய பொய்தான் சார் வரும்."

"பொய்னு சொல்லாதீங்க. வெர்ஷன் வித்தியாசம்னு சொல்லுங்க."

அக்கா எழுதிக் கொடுத்தார். நடந்தது முழுவதையும், தான் சேர்த்த வரியையும் ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. திட்ட டாக்டர், தான் யாரையும் அவசரப்படுத்தவில்லை என்றார். முறையாகப் பயின்ற எவரும் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்றும், கோப்பில் யாருடைய எழுத்து இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஒளிவுமறைவில்லாமல் குறிப்பு எழுதும் நல்ல பழக்கம் அக்காவுக்கே வினையாக முடிந்தது.

என்னையும் கூப்பிட்டார்கள். ஓடினால் போதும் என்று டாக்டர் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. நான் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றேன். அக்கா அந்த அறையிலேயே, எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தார். அவர் குனிந்து கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்தார்.

நிலையத்தின் இதழில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் கால் பக்கத் திருத்தம் வந்தது. தரவு ஏற்றும் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் சில அளவுகள் மாறிவிட்டன என்று இருந்தது. எந்தத் தெரு, எவ்வளவு என்று இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றைப் பரிமாறியவன் நான். அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெற்றோருக்கு எப்போது சொல்வீர்கள் என்று அவர் கேட்டபோது, இரண்டாம் சுற்று முடிவு வெளியான பிறகு என்று இயக்குநர் பதில் சொன்னார்.

ஒரு மாதம் பொறுத்தார். ஒரு சனிக்கிழமை காலை, தாள்களைப் பார்த்துக் கையால் எழுதிய பட்டியலோடு மதில் தெருவுக்குப் போனார். முதலில் தங்கை வீடு. தங்கை கத்துவாள், வெளியே தள்ளுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாராம். அவள் எதுவும் செய்யவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். மகளுக்கு அப்போது ஆறு வயது.

"ரெண்டெழுத்தச் சேத்துப் படிக்க இன்னும் திணறுறா அக்கா. மக்குன்னு போன வாரம்கூட அடிச்சேன்" என்றாள்.

அக்கா அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார்கள். நாலு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு தாய் மட்டும் வாசலை மறித்து நின்று, "பயமில்லன்னு அன்னிக்கு எழுதினதும் நீங்கதான். இன்னிக்கு பயப்படுன்னு வந்து நிக்கறதும் நீங்கதான். நாங்க எதம்மா நம்பறது?" என்று கேட்டாள். அக்கா பட்டியலில் அந்தக் குழந்தைக்கு எதிரே இருந்த எண்ணை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நோயாளிகளின் ரகசியத்தை வெளியிட்டார் என்பது குற்றம். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

தங்கை மகளுக்கு மறுபடி சோதித்தபோது பத்தொன்பது இருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனது. அக்காவிடம் முகவரி கொடுக்கவில்லை. திட்ட டாக்டர் இப்போது துணை இயக்குநர்.

போன மாதம் மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் மாற்ற ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி விற்கும் கடையின் முன்மேஜையில், வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கணினியில் ஏற்றிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நலம் விசாரித்தார். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, லிஃப்ட் குழிக்குள் இறங்க முடிவதில்லை என்றார். நான் அதைக் காதில் வாங்காமல், இத்தனை நாள் சுமந்ததை அங்கேயே இறக்கினேன். அன்றைக்கு டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது என்றேன்.

"தெரியும். அத அங்க சொல்லியிருக்கணும் தம்பி. இங்க சொல்லி என்ன ஆகப்போகுது?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டம் மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி, சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பி, வயது என்ன என்று கேட்டார்.