கேட்டில் நிற்பவனிடம் படம் எப்படி என்று கேட்டால்

தியேட்டர் கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் கை போதும், வாய் கூடாது என்பதை மேனேஜர் என் காலரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். கடை, கவுண்டர் என்று நின்று பிழைக்கிற உங்களுக்கு இது புரியும். புதுக்கோட்டையில் ஒரே வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது வேலை. இதுவும் போனால் டுட்டோரியலில் சேர்ந்து பிளஸ் டூ எழுதணும் என்று அம்மா சொல்லிவிட்டது.

குடும்பத்தோடு வந்தவர்

காலர் கதை இதுதான். வல்லத்திராக்கோட்டையிலிருந்து மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒருவர் பைக்கில் வந்தார். "படம் எப்படி தம்பி? எல்லாரும் நாலு ஸ்டார் குடுத்திருக்காங்களே?"

"கொலைப் படங்க. மொத சீன்லயே கழுத்தறுக்குறாங்க. மிச்சம் ரெண்டரை மணி நேரமும் இருட்டு. பிள்ளைகளோட வேணாங்க."

வண்டியைத் திருப்பிவிட்டார். கவுண்டரிலிருந்து மேனேஜர் பாய்ந்து வந்தார். "பிளஸ் டூ தாண்டாத பயலுக்கு விமர்சனம் ஒரு கேடா?"

மூன்றாம் தடவை வந்த சார்

காலேஜ் வாத்தியார். இன்டர்வெலில் என்னைத் தேடியே வந்தார். "ஒனக்குப் பிடிக்கலையாமே? ஸ்டேஷன்ல அந்தப் பையன அடிக்கிற சீன் எவ்வளவு நிஜம்!"

அவன் கொலையே செய்யாதவன். பத்து நிமிஷம் அடிக்கிறார்கள். கதவோரம் நின்று நான் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். "அவன் பேரு என்னங்க சார்?" என்றேன். யோசித்தார். "கொலைகாரனுக்குப் பேரு இருக்கு. போலீஸ் நாய்க்குக்கூட இருக்கு. அடி வாங்குறவனுக்கு மட்டும் இல்ல சார்."

அந்தப் பக்கம் மேனேஜர் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். சார் குரலைத் தாழ்த்தினார். "மூணு தடவ பாத்தும் எனக்குத் தோணலையேப்பா."

மைக்

ஞாயிற்றுக்கிழமை, மக்கள் கருத்து எடுக்க ஒரு சேனல் அக்கா வந்தார். படம் விட்டு வந்தவர்களெல்லாம் மைக்கைக் கண்டு நழுவினார்கள். மேனேஜர், ஆபரேட்டர் அண்ணனின் சட்டையை என் யூனிஃபார்ம் மேலேயே மாட்டிவிட்டார். "படம் பாக்க வந்தவன் மாதிரி நின்னு, சூப்பர்னு சொல்லு. இல்லன்னா நாளைலேர்ந்து இங்கிட்டு வராத."

மைக் மூக்கில் இடித்தது. கேமராவுக்குப் பின்னால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பதினோரு தடவ பாத்துட்டேன்" என்றேன். மேனேஜர் முகம் மலர்ந்தது. "பதினோரு தடவையும் புடிக்கல."

அக்கா துள்ளினார். "ப்ரோ, இதையே இன்னொருக்கா கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!"

யூனிஃபார்மைத் துவைத்து, தேய்த்து, மறுநாளே கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார் மேனேஜர். டுட்டோரியலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன், இன்னும் துவைக்கவில்லை.