எல்னா தள்ளிவைத்த சிவப்பு விசை

எல்னா டக்கினென் முப்பத்தொரு வருடம் ஆல்டர் ஃபால்ஸ் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தாள். அத்தனை வருடத்தில் அவள் சாப்பாட்டால் ஒரு பிள்ளைக்கும் வயிறு கெட்டதில்லை. இதை அவள் வாயால் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன், ஏனென்றால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது. சந்தேகம் வந்த பாலை அவள் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். கொட்டிவிடுவாள்.

மீதிப் பாதி வியாழக்கிழமைகளில் இருக்கிறது. எங்கள் ஊரில் நவம்பரில் விழும் பனி ஏப்ரலில்தான் இடத்தைக் காலி செய்யும். அதுவரை ஒவ்வொரு வியாழன் மாலையும் துப்பாக்கி சுடும் கழகத்தின் கீழ்த்தளத்தில் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். ஐந்து பேர் ஓர் அணி, ஆளுக்கு முப்பது தோட்டா, எதிரே வட்டம் போட்ட காகிதம். எல்னா அங்கே இருபத்திரண்டு வருடமாகச் சுடுகிறாள். யார் துப்பாக்கி சுடும் கோட்டுக்கு வரலாம், யாருடையது வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவளும் அவள்தான்.

அந்தப் பொறுப்பு ஒரு காபிப் பானையால் வந்தது. ஒருவன் தன் துப்பாக்கியின் பழைய விசையை, அதாவது சுடுவதற்கு விரல் இழுக்கும் டிரிகரை, கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய புதிய விசையைத் தானே மாட்டிக்கொண்டு வந்தான். துப்பாக்கி மேசை விளிம்பிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. எவர் விரலும் படாமலே வெடித்தது. தோட்டா பெரிய காபிப் பானையைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. ஆண்கள் எல்லோரும் ஒழுகும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்னாதான் குனிந்து துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களை வெளியே தள்ளிவிட்டுக் கேட்டாள்: "இத மாட்டினப்புறம் எவனாவது தட்டிப் பாத்தீங்களா?"

எவனும் பார்த்திருக்கவில்லை. விரலால் இழுத்துப் பார்த்து, "அடடா, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் அவள் வாசலருகே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். அவள் முறை எளிமையானது. தோட்டா இல்லாத துப்பாக்கியை அடிக்கத் தயாரான நிலையில் வைத்து, குழல் மேலே பார்க்கும்படி பிடிப்பாள். குழலுக்குள் ஒரு பென்சிலை, ரப்பர் முனை கீழே போகும்படி இறக்குவாள். பிறகு துப்பாக்கியின் பின்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டுவாள், கைதவறித் தரையில் விழுந்தால் எப்படி அதிருமோ அப்படி. அதிர்ச்சியில் பென்சில் ஓர் அங்குலம் துள்ளும், அதற்குக் கணக்கில்லை. ஆனால் விசை நழுவி உள்ளே இருக்கும் ஊசி அடித்துவிட்டால் பென்சில் கூரைக்குப் பறக்கும். பறந்தால் துப்பாக்கி வீட்டுக்குப் போகும். மாவட்ட வழக்கறிஞர் துப்பாக்கியையே ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறாள்.

இழுப்பு எவ்வளவு கனம் என்றும் பார்ப்பாள். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எத்தனை பவுண்டில் விசை விடுகிறது என்று எழுதிக்கொள்வாள். ஆனால் அது அவளுக்கு இரண்டாம் பட்சம். "சொகம் அப்புறம், மொதல்ல பென்சில்" என்பாள்.

அறுபத்திரண்டாம் வயதில் அவள் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஐம்பது பவுண்டு உருளைக்கிழங்கு மூட்டைகளையும் ஆள் உயரப் பானைகளையும் தூக்கிய கை. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது, சுட்டுவிரல் வீங்கிவிட்டது. இப்படிப்பட்ட கைகளை நான் நர்ஸ் வேலையில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி அவள் விரல்களுக்குள் கொடுத்து அமுக்கச் சொன்னேன். முள் ஏறிய உயரத்தை அவளும் பார்த்தாள்.

"பாவம் பாக்காதடி ஹில்யா, நம்பரச் சொல்லு."

"இடது கையில பாதி."

"அப்போ மார்ச் மாசம்?"

மார்ச்சில் ஏழு கழகங்கள் சேரும் ஆண்டுப் போட்டி. அந்த வருடம் அது எங்கள் ஊரில் நடக்க இருந்தது. அவளுடைய பழைய விசை ஆறு பவுண்டு. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல இருக்கும். டிசம்பரில் பதினெட்டாவது தோட்டாவோடு அவள் விரல் நின்றுவிட்டது. பதினெட்டு போதாது. முப்பது வேண்டும். முப்பதும் சுட முடியாவிட்டால் அணியில் இடம் கிடையாது. அது அவளே எழுதிவைத்த விதி.

அணித் தலைவன் ஆர்விட் பெரலா, சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அவன் சொன்னான்: "டிரிகர மாத்து தாயே. ஊரே மாத்துது. உன் மேசைக்கு பயந்துதான் நாங்கல்லாம் திருட்டுத்தனமா மாத்திக்கிறோம்."

"திருட்டுத்தனமா மாத்தின ஒன்னு என் மேசையத் தாண்டிப் போயிருக்குன்னு சொல்லு பாப்போம்."

"அதான் சொல்றேன். உன் மேசைய நீயே தாண்டிக்கோ."

அவள் மூன்று விசைகளை வரவழைத்தாள். ஜனவரி முழுக்க அவள் சமையலறை மேசையில் அதே வேலைதான். ஒன்றை மாட்டுவாள், வெறுந்துப்பாக்கியை நூறு முறை இழுப்பாள், கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு யோசிப்பாள். கறுப்பாக இருந்த ஒன்று இலேசுதான், ஆனால் எங்கே விடும் என்று விரலுக்குத் தெரியவே இல்லை. "சத்துணவு ஜெல்லி மாதிரி கொழகொழன்னு இருக்கு" என்று கழற்றி எறிந்தாள். தட்டையான முகத்தோடு பார்க்கச் சகிக்காமல் இருந்த இன்னொன்றில் எடைக்கல் ஐந்தே கால் பவுண்டு காட்டியது. பழையதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவது சிவப்பு. அதை முதல்முறை இழுத்தபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்றரை பவுண்டு. கொஞ்சம் போகும், நிற்கும், பிறகு குட்டையின் மேல் படிந்த முதல் பனித்தகடு போலச் சட்டென்று ஒடியும். என்னிடம் கொடுத்தாள். துப்பாக்கி எனக்கு வெறும் இரும்பு, ஆனால் எனக்கே அது பிடித்துப்போனது. அதே சிவப்பு விசையை எங்கள் கழகத்துப் பெர்னி லகோம் அக்டோபரிலேயே தன் துப்பாக்கியில் மாட்டியிருந்தான். எல்னாவே தட்டிப் பார்த்துச் சரி என்று எழுதியது. இப்போது தன்னுடையதையும் கீழ்த்தளத்தில் வைத்து ஐம்பது முறை தட்டினாள். பென்சில் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. அன்று சிவப்பு விசையோடு முப்பது தோட்டாவும் சுட்டாள். மூன்று வாரம் ராணி மாதிரி நடந்தாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், நான்தான் வண்டி ஓட்டினேன். வழியில் கடைக்குப் போனோம், தபால் நிலையம் போனோம். துப்பாக்கி வண்டியின் பின்புறம் இரண்டு மணி நேரம் கிடந்தது. வெளியே நிற்க முடியாத குளிர். மூக்குக்குள் முடி விறைக்கும் குளிர். கழகத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தோம். மேசையில் எப்போதும் தன் துப்பாக்கியைத்தான் முதலில் பார்ப்பாள். அன்று அது சூடேறக் காத்திருக்கவில்லை. தட்டினாள்.

பென்சில் கூரையில் பட்டு என் காலடியில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம். எல்னா விசையின் நடுவே இருக்கும் சிறிய நாக்கை நகத்தால் தொட்டாள். விரல் படாதபோது விசை பின்னால் போகாமல் தடுப்பது அந்த நாக்கின் வேலை. அது வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே பூசியிருந்த கிரீஸ் குளிரில் இறுகிவிட்டது. நாக்கைச் சுற்றி இருந்த இடைவெளியும் அவ்வளவு குறுகல்.

"பத்து நிமிஷம் கழிச்சு தட்டு" என்றேன்.

தட்டினாள். ஒன்றும் இல்லை. இருபது முறை தட்டினாள். ஒன்றும் இல்லை. பிறகு கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு ரொட்டிப் பையில் போட்டு வெளியே பனிமேட்டில் புதைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தட்டினாள். முப்பதில் இரண்டு முறை பென்சில் பறந்தது.

அதற்குள் ஆர்விட் வந்துவிட்டான். கதையைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அவன் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"எல்னா, நாம சுடறது இங்க, ஹீட்டர் பக்கத்துல. குளிர்ல யாரு சுடப் போறா? அதுவுமில்லாம இருபத்திரண்டு வருஷத்துல நீ ஒரு தடவகூட துப்பாக்கியக் கீழ போட்டதில்ல."

"ஆமா, நல்ல கையில வெச்சிருந்தேன், போடல" என்றாள். "இப்போ இது கெட்ட கை. டிரிகர் லேசா வேணும்னு கேக்கற கைதான்டா துப்பாக்கிய நழுவவிடும். வண்டியிலேர்ந்து எடுத்து உள்ள வர்ற வழியில நழுவும். வாசப்படியில யாரு நிப்பா? நீ நிப்ப, சிகரெட்டோட."

ஆர்விட் வாசற்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மார்ச்சுல நீ இல்லாம நாலு பேர்தான்" என்றான் கடைசியில்.

"எனக்கு எண்ணத் தெரியும்."

போட்டி தொடங்குமுன் அவள் நாற்காலி மேல் ஏறவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை. சோறு ஆறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. அக்டோபர்ல பெர்னியோட செவப்பு டிரிகர நான் பாஸ் போட்டேன். தப்பு. சூட்டுல மட்டும் தட்டிப் பாத்தேன். குளிர்ல அது நிக்கல. என்னோடதும் அதேதான், கழட்டிட்டேன். பெர்னி, உன்னோடத எடுத்துட்டு வா."

பெர்னி மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன். அந்தச் சிவப்பு விசையைப் பெண்டாட்டியைவிட அதிகமாகத் தடவிக்கொடுப்பவன்.

"நாலு மாசம் கழிச்சுச் சொல்றியே! பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சாப்பிட்டு முடிச்சப்புறம் மீன் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா?"

"அங்க நான் தப்பு பண்ணல. இங்க பண்ணிட்டேன். குடு."

கூடம் சிரித்தது. பெர்னியும் சிரித்தான், கொடுத்தான். பனியில் புதைத்து எடுத்துத் தட்டியபோது அவனுடையதும் மூன்றாவது தட்டில் பறந்தது. பென்சில் அவன் தொப்பியில் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பழைய விசையை மாட்டிக்கொண்டு அடுத்த வாரம் வந்தான்.

எல்னாவிடம் மூன்று வாரம் மிச்சம் இருந்தது, விசை இல்லை. பழையதில் மறுபடி முயன்றாள். பத்தொன்பதில் விரல் நின்றது. வலி மாத்திரையைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் துப்பாக்கி பிடிக்கும் கைக்கு நான் கொடுத்திருக்கமாட்டேன். ஒதுக்கி வைத்திருந்த அந்த அசிங்கமான தட்டை விசையை மறுபடி எடுத்தாள். பனிமேட்டில் புதைத்து நூறு முறை தட்டினாள். பென்சில் பறக்கவே இல்லை.

"இதால மட்டும் முடிஞ்சிருந்தா" என்று சொல்லிக்கொண்டே எடைக்கல்லை மாட்டினாள். கை வலித்ததால் கொக்கி சறுக்கி விசையின் கீழ்நுனிக்குப் போய்விட்டது. விசை நாலு பவுண்டிலேயே விட்டது.

அவள் சறுக்கிய கொக்கியைக் குனிந்து பார்த்தாள். கொக்கியை நடுவில் வைத்தாள்: ஐந்தே கால். நுனியில்: நாலு. மறுபடி நடுவில், மறுபடி நுனியில்.

"சே, கதவக் கீலுக்குப் பக்கத்துல தள்ளிட்டு கனமா இருக்குன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றாள். வளைந்த விசையில் விரல் தானாக நடுப்பள்ளத்தில் போய் உட்காரும். தட்டை விசையில் விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். விசையும் கைக்குச் சற்று அருகில் இருந்ததால் வீங்கிய விரல் நீள வேண்டியதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சிவப்பை விடக் கொஞ்சம் கனம். சிவப்பைப் போலச் சுகமாக ஒடியாது, மரக்கிளை போல முறியும். ஆனால் பென்சில் உள்ளேயே இருந்தது.

விரலை நுனியில் வைக்கப் பழகுவது சின்ன வேலை இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை மூன்று வாரத்தில் மாற்ற வேண்டும். தினமும் காலையில் கையை வெந்நீரில் வைத்தாள். நான் மூட்டுக்குத் துணிப்பட்டை கட்டிவிட்டேன். வெறுந்துப்பாக்கியை முதலில் பத்து முறை, பிறகு பதினைந்து, இருபது என்று இழுத்தாள். இருபத்தாறுக்கு மேல் போகவில்லை. போட்டிக்கு முந்தின நாளும் இருபத்தாறுதான்.

மார்ச் போட்டியன்று ஏழு கழகத்து ஆட்களும் வாசலில் தங்கள் துப்பாக்கிகளை ரொட்டிப் பைகளில் போட்டுப் பனிமேட்டில் செருகிவிட்டு, இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி தின்றுகொண்டு முணுமுணுத்தார்கள். முப்பத்தைந்து பைகள். எல்னா வரிசையாக எடுத்துத் தட்டினாள். நான்கு வீட்டுக்குப் போயின. அதில் ஒன்று போன வருடம் முதலிடம் வந்தவனுடையது. அவன் ஏதோ கத்தினான். அவள் பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நீயே தட்டு" என்றாள். அவன் தட்டினான். பிறகு கடன் துப்பாக்கி கேட்டு வந்தான்.

அவள் முறை வந்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது வரை சீராகப் போனது. இருபத்து மூன்றில் துப்பாக்கியை மேசையில் வைத்து, கையை உதறி, மறுபடி எடுத்தாள். இருபத்தாறில் முன்கை நடுங்குவது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. இருபத்தேழில் காத்திருந்தாள், நேரம் ஓடியது, ஆர்விட் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சுட்டாள். அந்தத் தோட்டா வெளி வட்டத்தில் பட்டது. மற்ற மூன்றையும் அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் விரலை நுனியில் புதிதாக வைத்துச் சுட்டாள்.

முந்நூறுக்கு இருநூற்று அறுபத்தெட்டு. நல்ல கை இருந்த காலத்தில் அவள் இதைவிடப் பதினாறு அதிகம் எடுத்திருக்கிறாள். எங்கள் அணி மூன்றாமிடம்.

"மூணாவது" என்றான் ஆர்விட். "செவப்பு இருந்திருந்தா ரெண்டாவது வந்திருப்போம்."

எல்னா தோட்டாக் கூட்டைக் கழற்றி, துப்பாக்கி காலி என்று அவனிடம் காட்டி, மேசையில் வைத்தாள். வலது கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"காகிதத்துல ஓட்டைய எண்ணு" என்றாள். "முப்பது இருக்கா?"

ஆர்விட் நிஜமாகவே எண்ணினான். இருந்தது.